நடவில் இறங்கியவர் காணாமல் போனவர் அல்லர்

குற்றச்சாட்டு. 2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசி யாத்திரை நிறைவு விருந்து நடந்தது. கங்கை நீர்ச் செம்புகளுக்குப் பூசை முடிந்து, இலை போடுவதற்கு முன்பு, யாத்திரையின் அமைப்பாளர் திரு. தணிகைமணி ஒலிபெருக்கியை வாங்கி, பயணிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் கேட்கப் பின்வருமாறு கூறினார்:

“புத்தி நெலையா இல்லாதவங்கள இனிமே நம்ம பஸ்ல ஏத்தறதா இல்லீங்க. ஒருத்தங்க காணாமப் போனாங்க. இன்னொருத்தங்க கூடவே நின்னுகினு வேடிக்க பாத்தாங்க. பேரு சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும்.”

பெயர் சொல்லப்படவில்லைதான். ஆனால் மண்டபத்தில் இருந்த அனைவரும் இரண்டு நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றில் கெங்கம்மாள் அமர்ந்திருந்தார். மற்றொன்றில் நான்.

என் பெயர் அனுசுயா. திருத்தணிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறருக்கு மனு எழுதித் தருவதும் உண்டு. எழுதவும் தட்டச்சு செய்யவும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, நானாகவே கற்றுக்கொண்டேன். வேடிக்கை பார்த்தேன் என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் பயணம் போனேன். ஆனால் கெங்கம்மாளின் நிலை வேறு. வரும் பிப்ரவரியில் இதே அமைப்பாளர் அசாம் மாநிலத்துக்கு, காமாக்யா கோயிலுக்கு, ஒரு யாத்திரை நடத்த இருக்கிறார். அந்தப் பேருந்தில் ஓர் இருக்கைக்காக கெங்கம்மாள் இரண்டு ஆண்டுகளாகக் காத்திருக்கிறார். ஒலிபெருக்கியில் சொன்ன ஒரு சொல்லால் அந்த இருக்கை போய்விட்டது. ஆகவே, அவர் யார், அன்று நடந்தது என்ன என்பவற்றை யாத்திரைக்கு வந்தவர்களும் வராதவர்களும் அறிந்துகொள்ளுமாறு எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் கொடுக்கிறேன்.

கெங்கம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. திருத்தணிக்குத் தெற்கே, திருவாலங்காடு போகும் சாலையை ஒட்டிய ஊர். சொந்தக் கழனி கிடையாது. பிறர் கழனியில் நாற்று நடுவார், களை எடுப்பார், கரும்பு வெட்டுக்குப் போவார். அவை இல்லாத நாள்களில் நூறு நாள் வேலை. கணவர் இறந்து நெடுங்காலமாகிறது. ஒரே மகன் ராஜீவ், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மருமகள் ஷாலினி வீட்டில் தையல் தைக்கிறார். எங்கள் பக்கத்தில் பலருக்கும் இருப்பதுபோல கெங்கம்மாளுக்கும் தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் வரும். ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடிப்பார். கேட்பவர் எந்த மொழிக்காரரோ அவருக்குப் பாதி புரிந்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடவு நடக்கும் கழனி ஓரமாக வெளியாள் யாரேனும் போனால், நடவுப் பெண்களில் ஒருத்தி கரையேறி வந்து ஒரு நாற்றுக் கட்டை அவர் காலடியில் வைப்பாள். வைத்துவிட்டால், அவர் ஏதாவது காசு கொடுத்துவிட்டுத்தான் வரப்பைத் தாண்டலாம். ஆடிக் கிருத்திகைக்கு நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து காவடி எடுத்து நடந்து வருபவர்கள் குறுக்கு வழியாகக் கழனிகளுக்கு நடுவே வருவார்கள். அவர்களிடம் கட்டு வைக்கப் போவது எப்போதும் கெங்கம்மாள்தான். காசு வாங்கியதும் மற்ற பெண்களுக்கு வேலை முடிந்துவிடும். கெங்கம்மாளுக்கு அப்போதுதான் தொடங்கும். “மீதி ஏ ஊரு?” என்று தெலுங்கில் ஊர்ப் பெயர் கேட்டு ஆரம்பிப்பார். அங்கே ஏரித் தண்ணீரா, ஆழ்துளைக் கிணறா, மாந்தோப்பு எவ்வளவு, பெண்களுக்குக் கூலி என்ன, கூலியோடு சாப்பாடு உண்டா என்று கேட்டுக்கொண்டே போவார். “துட்டு வாங்கிட்ட இல்ல, இன்னும் இன்னாடி போலீசு விசாரண?” என்று வரிசையிலிருந்து குரல் வரும். காவடி எடுத்தவர் தோள் வலியோடு பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

இப்படி ஒரே வரப்பில் நின்று கேட்டே பல ஊர்களை அறிந்தவர், தாமே புறப்பட்டது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. முதலில் ராமேசுவரம் போனார். அங்கே எல்லாக் கிணறுகளிலும் நீராடிவிட்டு, பேருந்து ஒலி எழுப்பும்வரை வலை சீர்செய்யும் பெண்களோடு அமர்ந்திருந்ததாகச் சொல்வார்கள். அவரை நான் அறிந்தது இந்த ஆண்டின் காசி யாத்திரையில்தான். எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த இருக்கை.

மலையடிவாரத்தில் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பேருந்து புறப்பட்டது. நெல்லூரைத் தாண்டும்போது அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “யக்கா, ஜன்னலு உனக்கு வேணுமா?” என்பது. வேண்டாம் என்றேன். அதன்பிறகு காசிவரை அவர் தலையின் பின்பக்கத்தையே நான் அதிகம் பார்த்தேன்.

“கோயிலு வந்தா சொல்றேன், தூங்கு கெங்கம்மா” என்று ஒருமுறை சொன்னேன்.

“கோயிலு வந்தாதான் நீங்க எல்லாரும் எழுப்புவீங்களே. இதுக்கு யாரு எழுப்புவாங்க?” என்று வெளியே காட்டினார். வெளியே மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் ஏன் இப்படிப் பார்க்கிறார் என்பதற்கு அவரே ஒரு காரணம் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன். “நம்ம ஊருக்கு எவ்ளோ ஜனம் வருது. மலைய பாத்துட்டு, மொட்ட அடிச்சிகினு, பஞ்சாமிர்தம் வாங்கிகினு போயிடுது. கீழ நாம இன்னா பண்றோம், எப்டி பொழைக்கறோம்னு ஒருத்தரும் திரும்பி பாக்கல. நாமளும் அதே மாரி போய்ட்டு வந்தா, அந்த ஊர பாத்தேன்னு எப்டிக்கா சொல்றது?”

“சாமி பாக்கத்தானே போறோம்?”

“ஆங், சாமிய பாக்கறேன். பாத்தப்பறம் பொழுது மீந்து கீதே, அத இன்னா பண்றது?”

வழியில், பூரிக் கோயிலில், அப்படிப் பொழுது மீந்தது. சன்னதியில் மண்சட்டிகளில் பிரசாதம் கொடுத்தார்கள். ஒருமுறை சமைத்த சட்டியில் மறுமுறை சமைக்கமாட்டார்கள் என்று வழிகாட்டி சொன்னார். மற்றவர்கள் கைகூப்பினார்கள். கெங்கம்மாள், “அப்போ தெனமும் இவ்ளோ சட்டி எங்க செய்றாங்க?” என்று கேட்டார். வழிகாட்டி அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளையும் இரண்டு பழைய பாடப்புத்தகங்களையும் வைத்து நான் கற்றுக்கொண்ட இந்தி எனக்கு உண்டு. எழுத்து முழுவதும், பேச்சு பாதியும் தெரியும். அதை வைத்து விசாரித்து, ஆட்டோவில் குயவர் தெருவுக்குப் போனோம். தெரு முழுவதும் ஈரச் சட்டிகள். நடக்க ஓர் ஓரம் மட்டும் விட்டிருந்தார்கள். கெங்கம்மாள் ஓர் உடைந்த துண்டைக் கேட்டு வாங்கி, விரலால் கனம் பார்த்தார். குயவரின் மனைவி கெங்கம்மாளின் முன்கையில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்துவிட்டுத் தம் கையை நீட்டினார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, எந்தப் பூ, எந்தக் கோலம் என்று அவரவர் மொழியில் பேசினார்கள். நான் மொழிபெயர்க்கவில்லை, என்னை யாரும் கேட்கவுமில்லை. பேருந்தோடு வந்த சமையற்காரர் சோற்றை இறக்குவதற்கு முன்பே திரும்பிவிட்டோம். எங்களால் யாருக்கும் தாமதம் ஏற்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அவர் பார்த்துச் சொன்னவை எல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. பீகாருக்குள் நுழைந்தபின் சாலையோரப் பனைமரங்களையே பார்த்து வந்தவர், “இந்த ஊரு ஜனம் ரொம்ப நல்லவங்கக்கா. இவ்ளோ மரம் கீது, ஒரு பான கூட தொங்கல” என்றார்.

முன்னிருக்கையிலிருந்த உதயா திரும்பினார். அமைப்பாளரின் உதவியாளர்; முப்பது வயதிருக்கும். “யக்கா, இங்க மதுவெலக்கு.”

“அப்போ நல்லவங்க இல்ல, பயந்தவங்க” என்று கெங்கம்மாள் உடனே தீர்ப்பை மாற்றிவிட்டு மறுபடியும் வெளியே பார்த்தார்.

இனி, அன்றைய நிகழ்ச்சி. ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. மறுநாள் ஆடி அமாவாசை. கயையில் நீத்தார் கடன்களை முடித்துக்கொண்டு காசிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாலையில் கங்கை ஆரத்தியைக் காட்டுவதாக அமைப்பாளர் சொல்லியிருந்தார். நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, சமையற்காரர்கள் அடுப்பை இறக்கினார்கள். சாலைக்குக் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் நடவு செய்துகொண்டிருந்தார்கள்.

“உதயா, நானும் யக்காவும் அந்த கழனியாண்ட போய்ட்டு வரோம்” என்று கெங்கம்மாள் சொன்னார். உதயா கைபேசியில் பேசியபடியே, “ஆங், போய்ட்டு வாங்க” என்றார். சொல்லாமல் போனோம் என்பது தவறு. உதயா இதை மறுக்கவில்லை என்பதை அவருடைய நேர்மைக்காகக் குறிப்பிடுகிறேன்.

வரப்பை அடைந்ததும் கெங்கம்மாள் ஒரு காரியம் செய்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு, இரு கால்களையும் சேர்த்து, வரப்பில் அசையாமல் நின்றார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

“இன்னா கெங்கம்மா?”

“கட்டு வெப்பாங்க, இரு.”

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் காலடியில் கட்டு வைத்தவர், தம் காலடியில் வைக்கப்படுவதற்காகக் காத்திருந்தார். அந்தப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், மறுபடியும் குனிந்தார்கள். கட்டு வரவில்லை.

“வெளியூருக்காரங்கன்னு கூச்சப்படறாங்க” என்று கெங்கம்மாள் முடிவு செய்தார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்தார். வரப்பில் கிடந்த நாற்றுக் கட்டு ஒன்றின்மேல் அதை வைத்து, கும்பிட்டார்.

அங்கே கட்டு வைக்கும் வழக்கம் இல்லை. ஆனால் இந்த ஆண்டு அங்கே மழை பிந்தி, பலருடைய நாற்றங்கால் காய்ந்துபோய், இருப்பவரிடம் இல்லாதவர் நாற்று விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இது பிறகு எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. அவர்களில் மூத்தவராகத் தெரிந்த பெண் கரையேறி வந்தார். தாளைப் பார்த்தார், கெங்கம்மாளைப் பார்த்தார். நாற்று வாங்க வந்தவள் என்று எண்ணிக்கொண்டு, இரண்டு கட்டுகளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் வரப்பில் நிற்கும் ஒரு பெண்ணின் கையில் நாற்றுக் கட்டைக் கொடுத்தால் அதற்கு ஒரே பொருள்தான்: இறங்கு, உனக்கு வரிசையில் இடம் இருக்கிறது. கெங்கம்மாள் செருப்பைக் கழற்றினார். புடவையைத் தூக்கிச் செருகினார். என்னிடம் பையைக் கொடுத்தார். “யக்கா, கூப்ட்டாங்க” என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கிவிட்டார்.

நாற்று வாங்க வந்தவள் நடவில் இறங்கியதைக் கண்ட அந்தப் பெண்கள் எழுப்பிய சத்தம் பெட்ரோல் நிலையம்வரை கேட்டிருக்கும். இருவர் விலகி நடுவில் இடம் விட்டார்கள். கெங்கம்மாள் குனிந்தார். முதலில் அவர்களைவிட அகலமாக நட்டார். பக்கத்திலிருந்த பெண் அவர் கையைப் பிடித்து நெருக்கமாக வைத்துக் காட்டினார். கெங்கம்மாள் அதை ஏற்கவில்லை. தூர் வெடிக்க இடம் வேண்டும் என்பதை விரல்களை விரித்துக் காட்டினார். அந்தப் பெண்ணும் ஏற்கவில்லை. கொஞ்சம் வாதாடியபின், கெங்கம்மாள் இருவருக்கும் இடைப்பட்ட அளவில் நட்டார். நாற்று முழங்கால் உயரம் வளர்ந்து, நுனி கிள்ளப்பட்டிருந்தது. “ஏன் இவ்ளோ முத்திப் போச்சு?” என்று தமிழில் கேட்டார். அந்தப் பெண் சேற்றுக் கையால் வானத்தைக் காட்டினார். கெங்கம்மாள் தலையை ஆட்டினார்.

நான் வரப்பில் நின்றபடி படம் எடுத்தேன். படங்கள் என்னிடம் உள்ளன.

சாப்பாடு முடிந்து பேருந்து ஒலி எழுப்பியது. உதயா சாலை விளிம்பிலிருந்து கத்தினார்: “யக்கா! வண்டி கெளம்புது!”

கெங்கம்மாள் நிமிராமலே, “கர வர்ல இன்னும்! வந்துகினே கீறேன்!” என்றார்.

இதையும் விளக்க வேண்டும். நடவு வரிசையில் இறங்கியவள் கரை சேரும்வரை ஏறக் கூடாது. இடையில் ஏறினால் அவளுடைய பங்கு அப்படியே வெறும் சேறாக நிற்கும். இரு பக்கத்திலும் இருப்பவர்கள் தங்கள் முதுகை ஒடித்து அதை நிரப்ப வேண்டும். பிரசவ வலி வந்தால் ஒழிய எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் பாதியில் ஏறமாட்டாள். அமைப்பாளர் திருத்தணியில் கடைவீதியில் வளர்ந்தவர். இது அவருக்குத் தெரியாமல் இருந்தால் அது குற்றமில்லை. ஆனால் தெரியாத ஒன்றைப் பார்த்து, புத்தி நிலையாக இல்லை என்று சொன்னதுதான் குற்றம்.

பிறகு அவரே வந்தார். ஆரத்திக்காக வெள்ளை வேட்டி மாற்றியிருந்தார். வரப்பில் தடுமாறி வந்து, “யம்மா! இன்னாம்மா பண்ற நீ? பைத்தியமா புடிச்சிகீது? நாப்பது பேரு வண்டில உக்காந்துகினு கீறாங்க!” என்று கத்தினார்.

“கோச்சிக்காத நைனா. இதோ, ரெண்டு கை அகலம்தான்.”

“கூலியா குடுக்கறாங்க உனக்கு?”

“நான்தான் குடுத்தேன், பத்து ரூவா.”

இந்தப் பதில் அவருடைய கோபத்தை எவ்வளவு கூட்டியது என்பதை அவருடைய முகத்தில் கண்டேன். அவர் கையை ஓங்கி, ஏறு ஏறு என்று சைகை காட்டினார். அங்குள்ள பெண்கள் அவரைக் கெங்கம்மாளின் முதலாளி என்றோ மேஸ்திரி என்றோ நினைத்துவிட்டார்கள். மூத்த பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைத் திட்டத் தொடங்கினார். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்: வேலை செய்யும் பெண்ணை வேலை முடிக்க விடாத நீ என்ன ஆள், உன் வீட்டில் சோறு தின்பதில்லையா. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அப்போது ஒரு கைச்சேறு பறந்து வந்தது. அமைப்பாளரின் வேட்டியில், முழங்காலுக்கு மேல், சேறு பட்டது உண்மை. எறிந்தது யார் என்று தெரியவில்லை. எறிந்தவர் கெங்கம்மாள் அல்லர். அவருடைய இரு கைகளிலும் அப்போது நாற்று இருந்தது.

வேட்டி விஷயத்தை எழுத வேண்டாம், பாவம், என்று கெங்கம்மாள் என்னைக் கேட்டுக்கொண்டார். அதை எழுதாமல் விட்டால், ஒரு மாதத்துக்குப் பிறகும் அமைப்பாளரின் கோபம் ஏன் ஆறவில்லை என்பது யாருக்கும் விளங்காது. ஆகவே எழுதியிருக்கிறேன்.

கெங்கம்மாள் கரை சேர்ந்தார். வாய்க்காலில் கை கால் கழுவினார். பத்து ரூபாய் திரும்பி வந்தது, அவர் வாங்கவில்லை. அதற்கு ஈடாக வேறு இரண்டு கட்டு நாற்றை அவர் கையில் திணித்தார்கள். வண்டிக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது என்று அமைப்பாளர் சொன்னதால், பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தில் ஊன்றிவிட்டு ஏறினார்.

எங்களால் ஏற்பட்ட தாமதம் முக்கால் மணி நேரம். அதை ஒப்புக்கொள்கிறேன், அதற்காக அன்றே வண்டியில் எல்லோரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். காசி நுழைவில் நெரிசல் அதைவிட நீண்டது. ஆரத்தி தவறியது. மறுநாள் அமாவாசை நீராடலும் தரிசனமும் யாருக்கும் தவறவில்லை. ஆரத்தியையும் மறுநாள் மாலை எல்லோரும் பார்த்தார்கள். கெங்கம்மாளும் பார்த்தார். “வெளக்கு நல்லா கீது. அந்த ஆளுங்களுக்கு தோளு வலிக்காதா?” என்றார்.

அமைப்பாளருக்கு ஓர் அச்சம் இருந்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. அவருடைய முதல் யாத்திரையில் பிரயாகைக் கூட்டத்தில் ஒரு பயணி உண்மையாகவே தொலைந்துபோய், மறுநாள்தான் கிடைத்தார். அதை எங்களிடம் அவரே சொன்னார். அப்படிப் பட்டவர் பயப்படுவது நியாயம். அந்தப் பயத்தை எங்களிடம் சொல்லியிருந்தால், அடுத்த முறை நேரம் குறித்துக்கொண்டு போயிருப்போம். அவர் அதை ஒரு மாதம் வைத்திருந்து, விருந்தில், ஒலிபெருக்கியில், புத்தி என்ற சொல்லோடு சேர்த்துச் சொன்னார்.

அந்தச் சொல் எங்கே போய் விழுந்தது என்பதை அவர் அறிந்திருக்கமாட்டார். மண்டபத்தில் பேசியதை யாரோ கைபேசியில் பிடித்து யாத்திரைக் குழுவுக்கு அனுப்ப, அது பல கைகள் மாறி, ராஜீவ் வேலைக்குப் போகும் கம்பெனிப் பேருந்துக்கே வந்துவிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, ராஜீவ் வாசலில் இருசக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நீங்களே சொல்லுங்கத்த. என் கூட வேலை செய்றவன் எங்கிட்டயே காட்றான். ‘மச்சான், இது உங்க ஊரு பக்கம் இல்ல? யாரோ லூசு அம்மா தொலஞ்சி போச்சாம்’ன்றான். எங்கம்மான்னு நான் எப்டி சொல்றது?”

“எங்கம்மாதான்னு சொல்லியிருந்தா அவன் வாய மூடியிருப்பான்” என்று உள்ளிருந்து ஷாலினியின் குரல் வந்தது. தையல் இயந்திரம் நிற்கவில்லை.

“நீ சும்மா இரு. இதோ பாரும்மா, அசாம் கிசாம்லாம் வேணாம். பழனிக்கு போ, நானே கூட்டினு போறேன்.”

கெங்கம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். “பழனிய பாத்தாச்சு.”

“அசாம்ல இன்னா கீது உனக்கு?”

ராஜீவுக்கும் தெரிந்த கதைதான் அது. இரண்டு ஆண்டுகளாக எங்கள் பக்கத்துக் கழனிகளில் வடக்கேயிருந்து வந்த ஆண்கள் நடவு செய்கிறார்கள். ஆண்கள் நாற்று நடுவதைக் கெங்கம்மாள் அதற்கு முன் கண்டதில்லை. முதல் நாள் சிரித்தவர், இரண்டாம் நாள் அவர்களில் ஒருவரிடம் போய் விசாரித்தார். அசாமில் பெரிய ஆற்றின் கரையில் அவருடைய ஊர். ஆறு ஆண்டுதோறும் கரையைத் தின்கிறது. அவர் வீட்டை மூன்று முறை பெயர்த்துப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். ஆறு வடிந்ததும் தை, மாசியில் அந்த வண்டலிலேயே நடவு நடக்கிறது. கழனியே நகர்ந்துபோகும் ஊரில் யார் கழனி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கெங்கம்மாள் கேட்டதற்கு அந்த ஆளுக்கு இருந்த தமிழில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில் அவருக்கு வேண்டும். காமாக்யா அம்மனும் வேண்டும். ஆனால் அந்தப் பதில் வேண்டும்.

“ஆறு கீது. போய் பாத்துட்டு வரேன்” என்று மட்டும் மகனிடம் சொன்னார்.

“அங்க நீ தொலஞ்சா நான் எங்கன்னு தேடறது?”

“கழனில தேடு.”

ஷாலினி உள்ளே சிரித்துவிட்டார். ராஜீவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைத் துடைத்தார். ஆனால் அவர் முகத்திலிருந்த பயம் போகவில்லை. தாயைத் தவிர அவருக்கு வேறு மூத்தவர்கள் இல்லை. அந்தப் பயமும் அன்புதான் என்பதை நான் அறிவேன்.

கடைசியில் ராஜீவ் என்னைப் பார்த்து இவ்வாறு சொன்னார்: “அத்த, எனக்கு அம்மா மேல சந்தேகம் இல்ல. ஆனா ஊரு முன்னாடி அவரு சொல்லிட்டாரு. நாளைக்கு வாயால ‘சரி, வரட்டும்’னுவாரு, அங்க போயி எறக்கி வுட்டாருன்னா? எழுதி குடுக்கட்டும். எங்கம்மாக்கு புத்தி நல்லா கீதுன்னு, கூட்டினு போய் கூட்டினு வரேன்னு, கையெழுத்து போட்டு குடுக்கட்டும். நானே பஸ் ஏத்தி வுடறேன்.”

கெங்கம்மாள் கடலைத் தோலை முறத்தில் தட்டினார். “யக்கா, நீதான் எல்லாருக்கும் எழுதறியே” என்றார்.

எனவே, திரு. தணிகைமணி அவர்களே, எழுதியிருக்கிறேன். அசாம் யாத்திரைக்கான பதிவு தீபாவளியோடு முடிகிறது என்று உங்கள் அறிவிப்பில் கண்டேன். அதற்கு முன்பு தாங்கள் எழுத்தில் தெரிவிக்க வேண்டியவை இவை. செப்டம்பர் 8-ஆம் தேதி கூறிய சொல்லைத் திரும்பப் பெறுகிறீர்களா? கெங்கம்மாளுக்கு பிப்ரவரிப் பேருந்தில் இருக்கை உண்டா, இல்லையா? இருக்கை இல்லை என்றால், வரிசையில் இறங்கியவள் கரை சேரும்வரை நின்றாள் என்பதைத் தவிர வேறு என்ன காரணம்? அவர் எங்கே போவதாக இருந்தாலும் தங்களிடம் நேரம் சொல்லிவிட்டுப் போவார், சொன்ன நேரத்துக்குத் திரும்புவார் என்று அவரும் நானும் இதன் கீழே கையெழுத்திடுகிறோம். நேரம் போதாத வரிசையில் இறங்கமாட்டேன் என்று அவர் சேர்த்து எழுதச் சொன்னார், சேர்த்திருக்கிறேன். என்னுடைய இருக்கையைப் பற்றித் தாங்கள் எதுவும் எழுதத் தேவையில்லை. அவருக்கு இடம் கிடைத்தால் நானும் விண்ணப்பிப்பேன்.

பதிலைக் கைபேசியில் சொல்ல வேண்டாம். உதயா மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். தேதியிட்டு, கையெழுத்திட்டு, ராஜீவின் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புமாறும், நகல் ஒன்றை என் கடைக்கு அனுப்புமாறும் கோருகிறேன்.

அனுசுயா (கையெழுத்து)
கெங்கம்மாள் (கையெழுத்து)
திருத்தணி, 2024 அக்டோபர் 9